ராயப்பன் நகர் தென்புறப் பாதை

கூட்டத்தில் இருந்தவர்கள்: வார்டு கவுன்சிலர் பேபி கமலம். மாநகராட்சி உதவிப் பொறியாளர் ஷாகிரா. ராயப்பன் நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் குழந்தைவேலு, முன்வரிசை முழுக்க அவருடைய ஆட்கள். மில் காலனி சார்பில் சுகுணா, சத்துணவு மையத்தில் சமைப்பவர். அவருடன் காலனிப் பெண்கள் சிலர், நாற்காலிகள் காலியாக இருந்தும் சுவரோரம் நின்றபடி. குழந்தைவேலுவின் மனைவி நாகமணி, டீயும் முறுக்கும் கொடுக்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டவர். சாலையில் பதிந்த நடையைப் படிக்கும் தடக்கருவியை ஓட்ட ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நான்.

வராதவர் ஒருவர் உண்டு. பேச்சு அவரைச் சுற்றித்தான் போனது.

கோவையின் கிழக்கு ஓரத்தில் ராயப்பன் நகர். சாலை ஒன்றுதான். மேற்கே பேருந்து நிறுத்தம், கிழக்கே மில் காலனி, நடுவில் பள்ளிக்கூடம். எல்லாம் தென்புறம். அந்தச் சாலையில் லாரி போகும், தண்ணீர் வண்டி போகும், அவற்றின் இடுக்கில் பிள்ளைகள் போவார்கள். சுகுணாவின் மகன் சைக்கிளில் போகும்போது லாரி உரசியது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அதற்குப் பிறகுதான் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் சாலையோரம் தனிப் பாதை போட மாநகராட்சி ஒத்துக்கொண்டது.

எந்தப் பக்கம் என்பதுதான் தகராறு. தென்புறம் என்றால் ராயப்பன் நகர்க்காரர்கள் சாலையை வளைத்துக் கட்டிய சாய்தளங்களும் பூச்செடிகளும் போகும். காலனிக்காரர்கள் ஒவ்வொரு வாசலையும் ஒட்டி நடப்பார்கள். வடபுறம் சாக்கடை ஓடை. அதன்மேல் சிமெண்டுப் பலகை போட்டால் போதும் என்றது சங்கம். பிள்ளைகள் சாலையைக் கடந்து போய், பள்ளிக்கூடத்துக்கு மறுபடி கடந்து வரட்டுமாம்.

முன்பெல்லாம் செல்வாக்கு இருக்கிற பக்கம் பாதை போகும். இப்போது தடவிதி வந்துவிட்டது. ஜனங்களின் கால் நடந்துபோன இடத்தில்தான் பாதை போட வேண்டும்.

"கால் போனது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? கேமரா வெச்சிருக்கீங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"தார்தாங்க சொல்லுது," என்றார் ஷாகிரா. "ஏழெட்டு வருசமா நாம போடுறது நினைவுத்தார். பகல் வெயில்ல கொஞ்சம் இளகும், ராத்திரி இறுகும். அன்னன்னைக்கு மேல விழுந்த அழுத்தம் அன்னன்னைக்கு ஒரு ஏடு மாதிரி உள்ள பதிஞ்சிரும். லாரிக்காரங்க பாரம் அதிகமா ஏத்துறாங்களான்னு பாக்கத்தான் கொண்டுவந்தாங்க. மனுசங்க காலும் அதுல பதியும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அப்ப யார் யார் எங்க போனாங்கன்னு தெரிஞ்சிருமா?"

"பேர் தெரியாது. நடை தெரியும். ஒருத்தர் நடை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. கருவி ஒவ்வொரு நடைக்கும் ஒரு நம்பர் போட்டுக்கும்."

"எங்க வீட்டுக்காரரு சாயங்காலமானா எங்க போறாருன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி," என்றார் சுவரோரம் நின்ற ஒரு பெண்.

"அவரு போற எடத்துக்கெல்லாம் தார் போட்டிருக்க மாட்டாங்கடி," என்றார் சுகுணா. சுவரோரம் சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை.

நான் எழுந்து கண்டதைச் சொன்னேன். தென்புறத்தில் தடம் கெட்டியாக இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் அறுகிறது. தலைவர் குழந்தைவேலுவின் வீடு. இரண்டு மனை சேர்ந்த நீளமான முகப்பு. காலனியிலிருந்து வருகிற கால்கள் அந்தச் சுற்றுச்சுவர் தொடங்குகிற இடத்தில் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போகின்றன, வீட்டைத் தாண்டியதும் திரும்ப வருகின்றன. மூன்று வருடமாக இப்படி.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் தாரணி, மில் காலனிப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மறுநாள் குழந்தைவேலு தன் வீட்டு முன்னால் ஆளுயரத்துக்கு பேனர் கட்டினார். கண்ணீர் அஞ்சலி. மகள் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி. மறைந்த தேதி என்று போட்டிருந்தது திருமணத் தேதி. இந்தப் பக்கங்களில் இது புதிதில்லை, அச்சகத்தில் அதற்கென்று மாதிரியே வைத்திருக்கிறார்கள். பேனர் வெயிலில் வெளுத்துக் கிழிந்துபோயிற்று. ஆனால் காலனிக்காரர்களின் கால்கள் இன்னும் அந்த வீட்டைக் கண்டால் ஒதுங்கின.

"தடம் அறுந்துச்சுன்னா தென்புறம் செல்லாதுங்களே? விதியே அப்படித்தான?" என்றார் குழந்தைவேலு. விதியைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"அறுந்தா செல்லாது," என்றார் ஷாகிரா. "ஆனா ஒரே ஒரு நடை ஒதுங்காம உங்க முகப்பு முழுக்க நடந்திருக்கு. வாரம் ஒரு தடவை, ரெண்டு வருசத்துக்கு மேல. போன மாசியோட நின்னிருக்கு. விதிப்படி ஒரு ஆள் போதும். ஒரு வருசம் விடாம நடந்திருந்தா அது தடம்தான். ஒரே நிபந்தனை, அந்த ஆள் இப்ப உயிரோட இருக்கணும்."

"அதென்ன நிபந்தனை?" என்றார் கவுன்சிலர்.

"செத்தவங்க ஓட்டுப் போட்ட ஊருங்க மேடம் இது. செத்தவங்களை நடக்கவும் வெச்சிருவாங்கன்னு பயந்து எழுதினது."

குழந்தைவேலு என்னைப் பார்த்தார். "ஒரே ஆளுதான்னு எப்படிங்க தம்பி நம்பறது? நாலு பேர் நடையைச் சேத்து ஒண்ணாக்கிக் காட்டினா எங்களுக்குத் தெரியுமா?"

கருவியில் அழுத்தத்தைச் சத்தமாக மாற்றிக் கேட்கலாம். பழுது இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் அப்படித்தான் கேட்போம். அவர் கேட்டதால் ஒலிபெருக்கியில் போட்டேன். ஒரு கால் அழுத்தி விழுந்தது, மறு கால் லேசாக இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரத்தைப் போட்டேன். அதே இழுப்பு. அதற்கு அடுத்த வாரமும்.

பின்னால் டம்ளர்கள் சரிந்தன. நாகமணி எழுந்து நின்றிருந்தார்.

"அது தாரணி," என்றார்.

"உக்காரு," என்றார் குழந்தைவேலு.

"என்ற புள்ள நடை எனக்குத் தெரியாதுங்களா?"

"என்ற புள்ள செத்து மூணு வருசமாச்சு. ஊரே பேனர் பாத்துச்சு."

"போன மாசி வரைக்கும் நடந்திருக்காங்க சார்," என்றார் ஷாகிரா. "பேனர் நடக்காதுங்களே."

முன்வரிசையில் ஒருவர் வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். ஷாகிரா முடிவைச் சொன்னார்: அடுத்த வாரம் மறுபடி கூட்டம். அந்த நடைக்குச் சொந்தக்காரர் நேரில் வரட்டும். முடியாவிட்டால் பெற்றவர்களில் ஒருவர் உண்மையைச் சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன்.

சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை குழந்தைவேலு வீட்டுச் சாய்தளத்தில் கருவியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கேட்டிலிருந்து சாலை வரை சரிந்து இறங்குகிற அது, முழுக்க மாநகராட்சி நிலம். சாலை போட்ட அன்று மிச்சமான தாரை ஆட்கள் தலைவர் வாசலில் கொட்டி உருட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். செல்வாக்குள்ள வாசல்களில் அப்படித்தான் நடக்கும். ஆக, அதுவும் நினைவுத்தார்தான்.

நாகமணி கேட்டைத் திறந்து வந்தார். "தம்பி, அந்தச் சத்தத்தை இன்னொருக்கா போடறீங்களா? அவரு பேங்குக்குப் போயிருக்காரு."

வெளியாட்களுக்கு ஹெட்போன் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். அவர் சாய்தளத்திலேயே உட்கார்ந்து கேட்டார்.

"நாலு வயசுல மொபெட்ல இருந்து விழுந்தா. எடது கால்ல கம்பி வெச்சாங்க. ஸ்கூல் விட்டு வர்றப்ப தெருமுனையிலயே எனக்குத் தெரிஞ்சிரும். தோசைக்கல்லை அடுப்புல போட்டுருவேன்." ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். "என்னைக்கு வருவா?"

"ஞாயித்துக்கிழமைங்க. காலைல."

"அந்நேரம் பொறவாசல்ல துணி தொவைச்சிட்டிருப்பேன். மெஷின் சத்தம்." தலையை ஆட்டிக்கொண்டார். "ஓசூர்ல இருந்து வாரா வாரமா வந்தா?"

"ஓசூருங்களா?"

"கல்யாணம் ஆனதும் ஓசூர்ல வேலை கெடைச்சுப் போயிட்டாங்கன்னு அவரு சொன்னாரு. போன் நம்பரும் மாறிப் போச்சுன்னாரு. அவ்வளவு தூரத்துல எங்கன்னு தேடறது?"

நான் திரையைப் பார்த்தேன். அந்த நடை தொடங்கும் இடம் எனக்குத் தெரியும். கடைசி மாதங்களில் அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்ததும் தெரியும்.

அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். "இது யாரு? எதுத்தாப்புல நிக்கறது?"

அப்போதுதான் என் தப்பு புரிந்தது. சாலையின் பதிவோடு சாய்தளத்தின் பதிவும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"பொறுமை போச்சுன்னா வலது முன்னங்காலைத் தட்டுவாரு. கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறேன்," என்றார். "கேளுங்க, தட்டறாரு."

நான் கேட்கத் தேவையில்லை. திரையில் இருந்தது. மகள் சாலை விளிம்பில், அப்பா சாய்தளத்தில், நடுவில் கை நீட்டும் தூரம்.

"எத்தன வாரம் இப்படி நின்னாரு?"

"அவங்க வந்த எல்லா வாரமும்."

"மாசிக்கு அப்புறம் ஏன் வரல?"

"தெரியலீங்க."

"எங்கிருந்து வந்தா? அதாச்சும் தெரியுமா?"

கையைக் காட்டினேன். மில் காலனித் தண்ணீர்த் தொட்டி அங்கிருந்தே தெரியும். அவர் அதைப் பார்த்தார். மூன்று வருடமாக மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் பார்த்திருப்பார். எழுந்து, வீட்டுச் செருப்போடு நடக்கத் தொடங்கினார். கருவியை அப்படியே விட்டுவிட்டு நானும் போனேன்.

காலனி முனைக் குழாயடியில் சுகுணா நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்தார்.

"வாங்கக்கா."

"என்ற புள்ள எங்க?"

"நேத்தே சொல்லியிருக்கோணும். சொன்னா பாதை கை விட்டுப் போயிருமேன்னு வாயை மூடிட்டேன். என்னைத் திட்டுங்க." கையைப் பிடித்து அழைத்துப் போனார். நாகமணி திட்டவில்லை.

வீடு ஒற்றை அறை. தாரணியின் கணவன் இளம்பரிதி லேத் பட்டறைக்குக் கிளம்பிச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். மாமியாரை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் யாரென்று தெரிந்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார், அவனும் நின்றபடியே சொன்னான்.

"அஞ்சாம் மாசம் அவளுக்கு. ஒரு நாள் மத்தியானம் ரத்தம் போக ஆரம்பிச்சு நிக்கல. ஆட்டோவுலயே முடிஞ்சிருச்சுங்க." சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட முடியாமல் விட்டான். "மறுநாள் காலைல உங்க கேட்டுக்கு வந்தேன். சார்கிட்டச் சொன்னேன். எங்க பொதைக்கறீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். சரின்னுட்டு கேட்டைச் சாத்திட்டாரு. உங்ககிட்டச் சொல்லுவாருன்னுதான் நெனச்சேன். கடைசி வரைக்கும் பாத்துட்டிருந்தோம். நீங்க வரல."

"என்னைப் பத்தி என்ன சொல்லுவா?"

அவன் சுகுணாவைப் பார்த்தான். "சொல்லு," என்றார் சுகுணா.

"உங்கம்மா உன் மொகத்துல முழிக்க மாட்டேங்கறான்னு சார் வாரா வாரம் சொல்லி அனுப்புவாருங்க. நான் இனிமே போகாதேம்பேன். எங்கம்மாவுக்குக் கோவம் நிக்காது, இந்த வாரம் வந்துருவான்னுட்டு கெளம்புவா."

நாகமணி அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பில் தோசைக்கல் இருந்தது.

"தோசை சுடுவாளா?"

"சுடுவாளுங்க. வட்டமா வராது."

"எனக்கும் வராது," என்றார்.

திரும்பி வரும்போது சாலையோரம் நின்று என்னிடம் கேட்டார். "செத்துட்டான்னு நான் சொன்னா பாதை அந்தப் பக்கம் போயிருமா தம்பி?"

"ஆமாங்க. தடம் அறுந்துரும்."

"சுகுணாவோட பையனுக்குத்தான கை போச்சு?"

"ஆமாங்க."

லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. குழந்தைவேலு வீட்டுச் சுற்றுச்சுவர் வந்ததும் பின்னால் வந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். நாகமணி நின்று, அவர்கள் கடந்து முடிக்கிற வரை பார்த்தார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் அதே ஆட்கள். சுவரோரம் மட்டும் கூட்டம் கூடுதல். ஷாகிரா முதலில் குழந்தைவேலுவைக் கேட்டார். மகள் செத்து மூன்று வருடம் என்று அவர் மறுபடி சொன்னார். தார் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஷாகிரா எழுதிக்கொண்டார். பிறகு நாகமணியைக் கூப்பிட்டார்.

நாகமணி எழுந்ததும் குழந்தைவேலு திரும்பி, தணிந்த குரலில் பேசினார். அந்த அறையில் தணிந்த குரல் எல்லோருக்கும் கேட்கும். "சொல்லு நாகு. செத்துட்டான்னு சொல்லிட்டு உக்காரு."

மகளின் உண்மையான சாவைப் பற்றி அவர் மனைவியிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

"என்ற புள்ள உசுரோட இருக்கா," என்றார் நாகமணி. "அந்த நடை அவளுதுதான். எழுதிக்குங்க."

சுவரோரம் தலைகள் குனிந்தன. காலனிப் பெண்கள் அத்தனை பேரும் புதைகுழிக்கு மண் தள்ளிவிட்டு வந்தவர்கள். சுகுணா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இப்ப எங்கம்மா இருக்காங்க?" என்றார் ஷாகிரா.

"ஓசூர்ல. எனக்கு நேர்ல தெரியாது. இவருதான் சொன்னாரு. இவரையே கேளுங்க."

ஷாகிரா குழந்தைவேலுவைப் பார்த்தார். "அப்படிங்களா சார்? ஓசூர்லயா?"

அவருக்கு இரண்டே வழி. செத்துவிட்டாள், மாசியில் செத்தாள், எனக்கு அன்றைக்கே தெரியும், பெற்றவளிடம் சொல்லவில்லை என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். சபையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நின்ற மனைவியை அவர் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகம் அது. அவருடைய வலது முன்னங்கால் தரையைத் தட்டத் தொடங்கி, நின்றது.

"ஆமாங்க," என்றார்.

ஷாகிரா எழுதினார். தென்புறம். சைக்கிளுக்கு ஒரு பட்டை, நடப்பவர்களுக்கு ஒரு பட்டை, சாய்தளங்கள் இடிக்கப்படும். பொய் சாட்சி என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அதைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

அன்று சாயங்காலமே மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள். கயிறு கட்டி, குழந்தைவேலு வீட்டுச் சாய்தளத்தின் குறுக்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்து நாகமணி தனியாக வந்தார். பின்னாலேயே சுகுணா ஓடிவந்தார்.

"அக்கா, அவளுக்கு ஒண்ணுமே செய்யல நீங்க. எங்க வீட்டுலயாச்சும் ஒரு நாள் படையல் போடுங்க. யாருக்கும் தெரியாது."

"உசுரோட இருக்கறவளுக்கு யாராச்சும் படையல் போடுவாங்களா?"

"அந்த எடத்தையாச்சும் வந்து பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

நாகமணி என்னைப் பார்த்தார். "அங்க போற ரோடு?"

"அதுவும் நினைவுத்தார்தாங்க," என்றேன். "கோர்ட்டுக்குப் போனாங்கன்னா அஞ்சு வருசம் வரைக்கும் எடுத்துப் பாக்கலாம். மில் காலனிக்கு நீங்க போனது ஒரு தடவை. அதுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இடுகாட்டுக்குப் போனா ஒரே காரணம்தான்."

சுகுணா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் நாகமணி போயிருப்பார்.

நாகமணி சரி என்று தலையாட்டினார். மகள் உயிரோடு இருக்கும்போதே அப்பா அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி கட்டியிருந்தார். இப்போது அவள் இல்லை, அழ வேண்டியவள் அழக் கூடாது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவராகத் தேர்ந்தெடுத்தார்.

"பையனைக் கோடு தாண்டாம ஓட்டச் சொல்லு," என்று மட்டும் சுகுணாவிடம் சொன்னார்.

சுகுணா போனார். குழந்தைவேலு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். மெதுவாகத்தான் வந்தார். சாய்தளத்தில் ஈரப் பெயிண்டைத் தாண்டிக் கால் வைத்து, சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். உள்ளே போய் வீட்டுக் கதவையும் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் நின்றார்.

நாகமணி சாலை விளிம்பில் நின்றிருந்தார். அவர் உள்ளே போக மாட்டார் என்று நான் நினைத்தேன். ஏதாவது செய்வார், காலனி பக்கம் நடப்பார், பேருந்து நிறுத்தத்துக்காவது போவார் என்று பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் கையில் பை இல்லை, பணம் இல்லை. காலனியில் ஒற்றை அறையில் இருப்பவனுக்கு அவர் யாரும் இல்லை. வேறு வீடு எதுவும் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"வா நாகு," என்றார் குழந்தைவேலு. "குளிருதில்ல?"

நாகமணி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பெயிண்ட் படாமல் கோட்டைத் தாண்டி, கணவரின் முகத்தைப் பார்க்காமல் அவரைக் கடந்து உள்ளே போனார். குழந்தைவேலு கேட்டைச் சாத்தினார். பிறகு கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினார்.